கரண்டிகூட இறங்காத எடை

பொள்ளாச்சியில் மயில்வாகனம் என்றொரு தேங்காய் வியாபாரி இருந்தார். அவருக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமே இல்லை. அப்படி அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார். புது பிக்கப் வண்டி வாங்கி, அதன் முதுகில் கட்டிலும் அடுப்பும் ஃபிரிட்ஜும் வைத்த கேம்பர் கூண்டை ஏற்றி, வால்பாறைக்குக் கிளம்பினார்.

டிரைவர் காளியண்ணன் கதவோரத்து ஸ்டிக்கரைக் காட்டினான். “ஏனுங்க, ஆளுகளையும் சேத்து எழுநூறு கிலோதான் ஏத்தலாமுங்க. இது தாண்டுமுங்க. மலையிறக்கத்துல பிரேக் நிக்காதுங்க.”

“மூணு டன் இழுக்கிற வண்டிடா இது!”

“இழுக்கறது வேறைங்க, முதுகுல சுமக்கறது வேறைங்க.”

“ஆளை எவனாவது எடையில சேப்பானா? போய் எடை போடு. கூட இருந்தா நீயே குறைச்சுக் காட்டு. ஆனா என் சாமான்ல ஒரு கரண்டியைக்கூட இறக்கக் கூடாது. முடியலைன்னா வேலையை விட்டுப் போயிரு.”

எடைமேடையில் வண்டி ஏறியது. முன்சீட்டில் முதலாளி மீசையை முறுக்கியபடி நிரம்பி வழிந்தார். வண்டியின் எடை அளவுக்கு மேல் நூற்றுப் பத்து கிலோ.

காளியண்ணன் சுற்றி வந்து பணிவாகக் கதவைத் திறந்தான். “கொஞ்சம் இறங்குங்க.”

இறங்கினார். காளியண்ணன் மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான்.

எடைக்காரர் ஜன்னலிலிருந்து கத்தினார்: “இப்பச் சரியா இருக்குது!”

காளியண்ணன் எடைச்சீட்டை வாங்கி முதலாளி கையில் கொடுத்தான். “ஒரு கரண்டியைக்கூட இறக்கலைங்க. சாமானெல்லாம் நான் பத்திரமாக் கொண்டாறேனுங்க. நீங்க பஸ்ஸுல வாங்க.”