ஐந்து பாட்டில் கடல்

சிப்பிமுனைக் கடற்கரையில் கடல் அறிவியல் கோடை முகாம் நடந்தபோது சோறு ஆக்கிப் போட்டவன் நான். ஆகையால் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். அறிவியல் எனக்குத் தெரியாது. ஆனால் பருப்பு வெந்ததா இல்லையா என்று தெரியும். அந்த அளவுக்காவது தெரிந்த ஒரு ஆள் முகாமில் இருந்தானே என்று நீங்களும் கடைசியில் ஆறுதல் பட்டுக்கொள்வீர்கள்.

முகாமுக்கு வந்தவர்கள் மூன்று பேர். தவசிலிங்கம், பூமிராஜ், சங்கரகோமதி. மூவரும் வானம் பார்த்த பூமியிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள். கடலை அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறார்கள். தவசிலிங்கம் கழுத்தில் ஒரு விசில் தொங்கியதால் அவனே தலைவன். கோமதியிடம் நோட்டு இருந்ததால் அவள் எழுத்தர். பூமிராஜிடம் ஒன்றும் இல்லை, எனவே வேலை எல்லாம் அவனுக்கு.

அவர்களைக் கூட்டி வந்தவர் பிலோமினா மேடம். நல்ல மனுஷி, நிஜமாகவே படித்தவர். வந்த அன்றே அவருக்குக் கடைவாய்ப் பல் குத்த ஆரம்பித்துவிட்டது. செய்ய வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினார். போகும்போது, "எழுதியிருக்கிறதை அப்படியே செய்யுங்க. சொந்தமா எதையும் யோசிக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். இரண்டாவது வாக்கியத்துக்கு அவசியமே இருக்கவில்லை.

விஷயம் சாதாரணமானது இல்லை. எங்கள் குடாவில் முத்திருளாயி என்று ஒரு பொம்பளை கடல்பாசி வளர்க்கிறாள். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் தெப்பம், மொத்தம் நாற்பது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, கயிறு கயிறாகப் பாசி கட்டி, முப்பது நாள் ஆகியிருந்தது. இன்னும் பதினைந்து நாளில் அறுவடை. இந்த நேரம் பார்த்து, குடாத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று யாரோ மேலே மனு போட்டுவிட்டான். 'வெள்ளிக்கிழமைக்குள் முகாம் மாணவர்கள் தண்ணீரைச் சோதித்து அறிக்கை தரட்டும். கெட்டது என்றால் தெப்பம் எல்லாம் அன்றே கரையேற வேண்டும்' என்று உத்தரவு. பாதி வளர்ந்த பாசியைக் கரையேற்றினால் அது மாட்டுக்குக்கூட ஆகாது.

முத்திருளாயி முகாமுக்கு வந்து, மூன்று பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பிள்ளைகளா, எனக்காக ஒண்ணும் கூட்டி எழுத வேண்டாம்பா. உள்ளது உள்ளபடி எழுதுங்க, போதும்."

"கவலைப்படாதீங்கக்கா. நாங்க தாள்ல உள்ளபடிதான் செய்வோம்" என்றான் தவசிலிங்கம்.

அவள் நிம்மதியாகப் போனாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

திங்கட்கிழமை காலை ஐந்து கண்ணாடி பாட்டிலோடு கிளம்பினார்கள். 'கரையிலிருந்து நூறு எட்டு எடுத்து வைத்து நடந்து போய்த் தண்ணீர் எடுக்கவும்' என்று தாளில் இருந்தது. அறுபதாவது எட்டில் பூமிராஜுக்குத் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது.

"இன்னும் நாற்பது பாக்கி இருக்கு, போடா" என்று விசில் ஊதினான் தவசிலிங்கம்.

"போனா ஆளே பாக்கி இருக்க மாட்டேன்!"

மூவரும் கரையேறி ஆலோசனை செய்தார்கள். என் சமையல் கொட்டகை நிழலில்தான் செய்தார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"நூறு எட்டு நடக்கணும்னு போட்டிருக்கு. நூறும் தண்ணிக்குள்ளதான் நடக்கணும்னு போடலையே" என்றாள் கோமதி.

"அப்ப நாற்பதை இங்கேயே நடந்து முடிச்சிட்டா?"

"மீதி அறுபதுதான். கடல்லயும் அறுபதுதான் இருக்கு. கணக்கு சரியா வருது பாத்தியா?"

என் அடுப்பைச் சுற்றி நாற்பது எட்டு நடந்தான் பூமிராஜ். தவசிலிங்கம் எண்ணினான். பிறகு கடலுக்குள் போய் அறுபது நடந்தான். இப்படி ஐந்து பாட்டிலுக்கும் ஐந்து தடவை. என் ரசத்தில் விழுந்த மணலைப் பற்றி யாரும் நோட்டில் எழுதவில்லை.

பாட்டிலில் தண்ணீர் பிடிப்பதற்கு முன் அதே தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும், அலசியதை அங்கேயே கொட்டாமல் நன்றாகத் தள்ளிப் போய்க் கொட்ட வேண்டும் என்றும் தாள் சொல்லியது. நன்றாகத் தள்ளி என்றால் எவ்வளவு? மேடம் எழுதவில்லை. ஊரிலேயே நன்றாகத் தள்ளி இருப்பது பஸ் நிறுத்தம். அரை மைல். பூமிராஜ் அலசிய தண்ணீரை அங்கே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவான். பாட்டிலுக்கு மூன்று நடை, ஐந்து பாட்டிலுக்குப் பதினைந்து நடை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஐந்து பாட்டிலும் நிரம்பியபோது, ஏழாம் நம்பர் பஸ் டிரைவரும் கண்டக்டரும் பூமிராஜுக்கு உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தது. ஊரில் ஐஸ் பெட்டி வைத்திருப்பவர் மீன் வியாபாரி ஒருவர்தான். வைத்தார்கள். மறுநாள் எடுத்தார்கள். கோமதி ஒரு பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுதியதை நானே எட்டிப் பார்த்துப் படித்தேன்: 'தண்ணீரில் மீன் வாடை உள்ளது. எனவே கடலில் மீன் இருக்கலாம். ஊகம் கூடாது என்பதால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.'

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மேடம் வைத்துவிட்டுப் போன பெட்டியிலிருந்து சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதை அட்டையோடு ஒத்துப் பார்க்கிற வேலையை மட்டும் கொஞ்சம்கூடப் பிசகாமல் செய்தார்கள். எப்படிச் செய்தார்கள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அட்டை சொன்னது. கோமதி அதை நோட்டில் எழுதினாள். அதோடு நோட்டை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வியாழக்கிழமை தட்டுச் சோதனை. சாப்பாட்டுத் தட்டு அளவில், கறுப்பும் வெள்ளையுமாகச் சாயம் பூசிய ஒரு தட்டு. அதில் கயிறு கட்டித் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். கண்ணுக்கு மறைகிற இடத்தில் கயிற்றை அளக்க வேண்டும். சீக்கிரம் மறைந்தால் கலங்கல் தண்ணீர், நேரம் கழித்து மறைந்தால் தெளிந்த தண்ணீர். இவ்வளவுதான் சங்கதி.

இடுப்பளவு தண்ணீரில் நின்று இறக்கினார்கள். தட்டு தரைக்கே போய் உட்கார்ந்துகொண்டு, கறுப்பும் வெள்ளையுமாக இவர்களைப் பார்த்துச் சிரித்தது.

"மறையலையே" என்றான் பூமிராஜ்.

"மறையுற வரைக்கும் இறக்கணும்னு போட்டிருக்கு. இறக்கு."

"எங்க இறக்க? தரை வந்துருச்சு."

"தட்டு சரியாத்தான் இருக்கு. தண்ணிதான் ஒத்துழைக்க மாட்டேங்குது" என்று வருத்தப்பட்டாள் கோமதி.

"கண்ணை மூடிக்கிட்டா மறைஞ்சிரும்ல?"

"கண்ணை மூடிட்டு கயித்தை எப்படிடா அளப்ப, கூமுட்டை!" என்று அதட்டினான் தவசிலிங்கம். தலைவன் என்றால் சும்மாவா? அவனே வழியும் சொன்னான். "தரை தடுக்குதுன்னா தரையத் தோண்டு. இன்னும் ரெண்டடி பள்ளம் பறிச்சா தட்டு இன்னும் கீழ போகும். அப்ப மறையும்."

என் மண்வெட்டியைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். ஏதோ கழிவுக் குழி வெட்டப் போகிறார்கள், பொறுப்பான பிள்ளைகள் என்று நினைத்துக் கொடுத்துத் தொலைத்தேன். பூமிராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி முங்கித் தோண்டினான். நாலே வெட்டுதான். அடியிலிருந்த சேறெல்லாம் குபுகுபுவென்று மேலே வந்தது. தெப்பத்தில் பாசி கட்டிக்கொண்டிருந்த முத்திருளாயி பதறிப்போனாள்.

"அட என்னப்பா பண்றீங்க! தண்ணியக் கலக்காதீங்கப்பா!"

"ஆராய்ச்சி நடக்குதுக்கா, சத்தம் போடாதீங்க!" என்று தவசிலிங்கம் விசில் ஊதினான். தட்டை இறக்கினான். ஒரு சாண் இறங்கியதுமே தட்டு மறைந்துவிட்டது.

"மறைஞ்சிருச்சு! மறைஞ்சிருச்சு!" என்று மூவரும் தண்ணீரில் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். 'தட்டு மறைந்த ஆழம்: ஒரு சாண்' என்று எழுதிக் கோமதி கீழே கோடும் போட்டாள்.

நான் அடுப்பை விட்டு ஓடிவந்தேன். "யப்பா, கலங்கல் தெளிஞ்சதும் இன்னொரு தடவை பார்த்து எழுதுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"மாஸ்டர், எழுதினதை அடிச்சுத் திருத்தக் கூடாதுன்னு தாள்ல தெளிவா இருக்கு" என்றாள் கோமதி. குரலில் எவ்வளவு மரியாதை தெரியுமா? நான் போய் அப்பளம் பொரித்தேன்.

வெள்ளிக்கிழமை ஜீப்பில் அதிகாரி வந்து இறங்கினார். துரைக்கண்ணு என்று பெயர். கடலுக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கோப்பில் இல்லாத கடலை அவர் பார்ப்பதில்லை. நோட்டைப் பிரித்தார்.

"ஒரு சாண்ல தட்டு மறைஞ்சிருக்கு. தண்ணி கெட்டது. தெப்பத்தையெல்லாம் சாயந்தரத்துக்குள்ள எடுத்துரும்மா."

முத்திருளாயிக்கு முகம் செத்துவிட்டது. "ஐயா, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்கய்யா. தரையில கெடக்குற சங்கு தெரியுது."

"நான் பார்த்தா அது பார்வை. இவங்க பார்த்தா அது அறிக்கை" என்று பொறுமையாக விளக்கினார் துரைக்கண்ணு.

"சார், முந்தின பக்கத்துல பாட்டில் தண்ணி நல்லதுன்னும் எழுதியிருக்கோம்" என்றாள் கோமதி. அவளுக்கும் அக்கா மேல் பாசம்தான், குறை சொல்ல முடியாது.

துரைக்கண்ணு பக்கத்தைத் திருப்பினார். இப்படியும் பார்த்தார், அப்படியும் பார்த்தார். கால் மணி நேரம் நெற்றியைத் தேய்த்தார். படித்த மனிதர் யோசித்தால் தீர்வு வராமல் போகுமா? இரண்டு உத்தரவு எழுதினார். முதல் உத்தரவு: குடாத் தண்ணீர் கெட்டது, தெப்பங்களை அகற்றவும். இரண்டாம் உத்தரவு: பாட்டில் தண்ணீர் நல்லது, தெப்பங்களை அதில் மிதக்க விட ஆட்சேபம் இல்லை. ஐந்து பாட்டிலிலும் ஒவ்வொரு சீட்டு ஒட்டி, நச்சு நச்சென்று முத்திரை குத்தினார்.

"அக்கா, பாஸாயிட்டீங்க!" என்று குதித்தான் தவசிலிங்கம். பூமிராஜ் அதற்குள் பாட்டிலின் வாயை விரலால் அளந்துவிட்டு, "மூங்கிலை மட்டும் கொஞ்சம் சின்னதா வெட்ட வேண்டியிருக்கும்கா" என்றான்.

முத்திருளாயி அழுதாளா சிரித்தாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "முப்பத்தஞ்சு நாள் இடுப்புத் தண்ணியில நின்னு கட்டினேன்டா, பாவிகளா! கால் விரல் எல்லாம் ஊறி வெடிச்சுப் போச்சு! உங்க பாட்டில் தண்ணிய நீங்களே வச்சு நக்குங்க!" என்று கத்தி, ஐந்து பாட்டிலையும் வாரிக்கொண்டு விறுவிறுவென்று கடலுக்குள் இறங்கினாள். தெப்பத்துக்கு நடுவே நின்று ஒவ்வொன்றாகத் திறந்து கவிழ்த்தாள். வெறும் பாட்டில்களைக் கரையில் வீசினாள்.

துரைக்கண்ணு அப்போதுதான் முதல்முறையாகக் கடல் பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயையோ! அது முத்திரை குத்தின தண்ணியாச்சேம்மா!"

நிலைமை நிஜமாகவே சிக்கலாகிவிட்டது. தெப்பத்தை எடுத்தால் நல்ல தண்ணீரில் மிதக்கிற தெப்பத்தை எடுத்ததாக ஆகும், அது இரண்டாம் உத்தரவுக்கு விரோதம். எடுக்காவிட்டால் முதல் உத்தரவுக்கு விரோதம். அவர் மூன்றாவது உத்தரவு எழுதினார்: 'நல்ல தண்ணீர் ஐந்து பாட்டிலையும் கெட்ட தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கும்வரை, வளர்ப்பவரைத் தவிர வேறு யாரும் தெப்பங்களைத் தொடக் கூடாது. பிரித்தெடுக்கும் பொறுப்பு முகாம் மாணவர்களுடையது.' கையெழுத்தைப் போட்டுவிட்டு, கடல் மறுபடி கண்ணில் படுவதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார்.

மத்தியான பஸ்ஸில் பிலோமினா மேடம் வந்து சேர்ந்தார். பல்லைப் பிடுங்கிய வாயில் பஞ்சு. ஒரு வாரம் பேசவே கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். நோட்டைப் படித்தார், மூன்று உத்தரவையும் படித்தார், தலையில் கை வைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். தலைவலி என்று நினைத்துக் கோமதி தைலம் தேய்த்துவிட்டாள்.

மூன்று பேரும் ஆளுக்கொரு பாட்டிலோடு குடாவில் இறங்கினார்கள்.

"நம்ம தண்ணிய எப்படிடா அடையாளம் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டான் பூமிராஜ்.

"என்ன கேள்வி இது? இத்தனை நாள் கூடவே வச்சிருந்தோம். பார்த்தா தெரியாதா?" என்றான் தவசிலிங்கம்.

அன்றையிலிருந்து தினமும் இறங்கினார்கள். மொண்டு பார்ப்பார்கள், வெயிலில் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்ப்பார்கள், "இது நம்மது இல்ல" என்று ஊற்றிவிடுவார்கள். எப்போதாவது ஒரு பாட்டிலைச் சந்தோஷமாக மூடிக் கரையில் வைப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே நின்று முத்திருளாயி தன் பாட்டுக்குப் பாசியைக் கவனித்துக்கொண்டிருந்தாள். ஒரு பயல் தெப்பத்தின் பக்கம் வரவில்லை. பத்தாம் நாள் அறுத்தாள். மணலில் பரப்பிக் காயவைத்தாள். நாற்பது தெப்பத்துப் பாசியும் மூட்டை மூட்டையாக லாரியில் ஏறியது.

லாரி கிளம்பியதும் அவள் கடல் பக்கம் பார்த்தாள். மூன்று தலையும் இன்னும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. தோல் கறுத்து, கண் சிவந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அவளுக்கு மனசு இளகிவிட்டது.

"பிள்ளைகளா, போதும்பா! கரையேறி வந்து சாப்பிடுங்க. கிடைக்காதது கிடைக்காமலே போகட்டும்!"

தவசிலிங்கம் கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி திரும்பிக் கத்தினான்.

"நாலு பாட்டில் கிடைச்சிருச்சுக்கா! அஞ்சாவதும் இப்பத்தான் கைக்கு வந்துச்சு, நீங்க கூப்பிட்டதுல நழுவிப் போயிருச்சு!"