சாய்ந்த ஈர்க்கு

ஆற்றங்கரைப் பாடசாலையில் மண்ணும் ஈர்க்கும்தான் பாடம். ஈரக் களிமண்ணை உருட்டி, தென்னை ஈர்க்குகளை அதில் செருகி, மாணாக்கர் கோபுரம் கட்டுவர், பாலம் கட்டுவர், விழுந்தால் மறுபடி கட்டுவர். பனிக்காலக் காலைகளில் அந்தக் கூடத்தின் தரை, உறங்கும் சிறு நகரம் ஒன்று மேகத்தில் மிதப்பதுபோல் தோன்றும்.

அங்கே பயின்றவர்களில் மூத்தவர் சேந்தனார். ஆசிரியை உமையாளைவிடவும் வயதில் பெரியவர். தம் ஊருக்குத் தலைமைத் தச்சர். அவர் கட்டிய மரப்பாலத்தை முதல் வெள்ளமே அடித்துக்கொண்டு போயிற்று. பாரவண்டிகளைத் தாங்கிய பாலம் ஏன் விழுந்தது என்பது அவருக்கு விளங்கவே இல்லை. மறுநாள் ஊர் திரும்பி அதை மீண்டும் கட்டவேண்டும். இதுவும் விழுந்தால், அவரை நம்பி எவரும் ஒரு கதவைக்கூடச் செய்யச் சொல்லமாட்டார்கள்.

அன்று அவர் எழுப்பிய கோபுரம் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. உச்சியில் நீர்ச்செம்பை வைத்தார். அசையவில்லை.

"செம்பென்ன, என்னையே தூக்கி வைக்கலாம் போலிருக்கிறதே!" என்றாள் உடன்பயிலும் குழலி.

உமையாள் வந்தார். சுண்டுவிரலால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினார். தூக்கம் வந்த குழந்தையைப்போல் கோபுரம் மெதுவாகச் சாய்ந்து படுத்தது. செம்பு உருண்டது.

"ஐயா, உங்கள் கோபுரம் விழுந்து கும்பிட்டுவிட்டது" என்றாள் குழலி.

சேந்தனாரின் முகம் கறுத்தது. "பாரம் மேலிருந்துதானே அம்மா வரும்? பக்கத்திலிருந்து தள்ளுவது முறையா?"

"வெள்ளம் எங்கிருந்து வந்தது?"

சேந்தனார் மூலைகளில் மண்ணை இரட்டிப்பாக அப்பி மறுபடி நிறுத்தினார். மறுபடி அந்தச் சுண்டுவிரல். மறுபடி சாய்ந்தது.

உமையாள் தரையில் அமர்ந்தார். கோபுரத்தை நிமிர்த்தி, அதன் ஒவ்வொரு முகத்திலும் ஓர் ஈர்க்கைக் கீழ்மூலையிலிருந்து எதிர் மேல்மூலைக்குச் சாய்வாகச் செருகினார்.

"அழகே போயிற்று, அம்மா. எல்லாம் ஒழுங்காக நிற்கும்போது இது மட்டும் எல்லாவற்றோடும் முரண்டு பிடிக்கிறது" என்றார் சேந்தனார்.

"இப்போது நீரே தள்ளிப் பாரும்."

விரலால் தள்ளினார். உள்ளங்கையால் தள்ளினார். கோபுரம் நின்றது. சாளரம் வழியே வந்த பனி, ஈர்க்குகளின் இடையே புகுந்து ஆறுபோல் ஓடி மறைந்தது. அதன்மேல் வண்டிகள் ஓசையின்றிக் கடந்து போவதைச் சேந்தனார் ஒரு கணம் கண்டார்.

"நாளை உம்முடன் யார் வேலை செய்வார்கள்?" என்று கேட்டார் உமையாள்.

"என் ஆட்கள்தாம். நான் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டார்கள். எல்லாருக்கும் ஒரே மனம்."

"எப்போதுமே அப்படித்தானா?"

"காரி என்று ஒருவன் இருந்தான். நான் என்ன சொன்னாலும் 'ஏன்' என்பான். பாலம் தொடங்குமுன்பே அவனை அனுப்பிவிட்டேன். அதன்பிறகு ஒரு சச்சரவு உண்டா?"

உமையாள் கையில் ஒட்டிய மண்ணைக் கழுவிக்கொண்டார்.

சேந்தனார் சாய்ந்த ஈர்க்கைத் தொட்டுப் பார்த்தார். "இந்தச் சாய்வுக் கட்டைக்கு எந்த மரம் ஏற்றது, அம்மா? தேக்கா, வேங்கையா?"

"காரியின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளும்" என்றார் உமையாள்.