உலைக்கு அளந்ததில் ஒரு பிடி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் சவுந்தரவல்லி அக்கா. எங்கள் மூத்தவனுக்குப் பெண் பார்க்க அலைந்த வருஷம், ஆவணி மாசத்தில் ஒரு நாள், மழைக்கு ஒதுங்கிக் கோயில் மண்டபத்தில் இரண்டு பேரும் நின்றிருந்தோம். மழை விடுகிற வரைக்கும் சொன்னார். அவர் சொன்ன மாதிரியே சொல்லப் பார்க்கிறேன்.

ஒரு மலையடிவாரத்தில் சின்ன மடம் இருந்தது. அதில் ஒரு சாமி. ஐம்பது வயதுகூட இருக்காது. பேச்சு குறைவு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மடத்து முற்றத்தில் அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சி, வருகிற எல்லோருக்கும் தன் கையாலேயே ஊற்றுவார். அதனால் ஊரில் அவருக்குக் கஞ்சிச் சாமி என்றே பேர்.

வருகிறவர்களில் பாதிப் பேர் பல் போனவர்கள். அரிசியோடு பாசிப்பருப்பும் சீரகமும் சேர்த்து, காயைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டு, இறக்குகிற நேரத்தில் முருங்கைக்கீரையை உருவிப் போடுவார். வாயில் வைத்தால் தானாகக் கரையும். உப்பு மட்டும் தனிக் கிண்ணத்தில் இருக்கும். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கஞ்சிக்கு அரிசி, பிடி அரிசிதான். மடத்தைச் சேர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்குப் பக்கத்தில் சின்ன மண்பானை ஒன்று இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, “எல்லா வயிறும் நிறையணும்” என்று சொல்லி அந்தப் பானையில் போட வேண்டும். பௌர்ணமியன்று பானையைக் கொண்டுவந்து சாமியிடம் கொடுக்க வேண்டும். சாமி தன் சீடர்களுக்கு வைத்திருந்த ஒரே விதி அதுதான்.

அப்படி விதி தவறாமல் இருந்தவர் செங்கமலத்தம்மா. சாமியைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் சாமி முன்னால் உட்காரக்கூட மாட்டார். புருஷன் மாசிலாமணியும் அவருமாகத்தான் உபதேசம் வாங்கிக்கொண்டது. மாசிலாமணிக்கு ரத்தக் கொதிப்பு. உப்பைக் குறை, எண்ணெயைக் குறை என்று டாக்டர் சொன்னதிலிருந்து அந்த அம்மா சமையலையே மாற்றிவிட்டார். உப்புக்குப் பதில் எலுமிச்சம்பழம், காரத்துக்கு மிளகு, பொரியலுக்குப் பதில் கூட்டு. முகம் சுளிக்காமல் அந்த மனுஷன் சாப்பிட்டார். கடைசி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார். ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள், அழுதார்கள், கூப்பிட்டார்கள். இந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்றார் அந்த அம்மா. மகன் துபாய்க்கும் மகள் பூங்கோதை புனேவுக்கும் திரும்பிப் போனார்கள்.

அதற்கப்புறம் அந்த வீட்டு அடுப்பு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் கொஞ்ச நாள் பொங்கினார். கைக்கு இரண்டு பேர் அளவுதான் தெரியும். மிஞ்சியதைத் தண்ணீர் ஊற்றி மறுநாள், அதையே அதற்கும் மறுநாள், ஊறுகாயோடு. பிறகு அதுவும் அலுத்துப்போய், காலையில் ஒரு டீ, இரண்டு பன். ராத்திரிக்கும் அதே டீ, அதே பன். இதற்கு அவர் ஒரு நல்ல பேர் கண்டுபிடித்தார். விரதம்.

செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், கிருத்திகை, பிரதோஷம், சஷ்டி. இத்தனை வயதில் எப்பேர்ப்பட்ட வைராக்கியம் என்று தெருவே மெச்சியது. ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியதை யாரும் பார்க்கவில்லை.

சாயந்தரம் சாயந்தரம் பூங்கோதை போன் பண்ணுவாள். என்னம்மா சமையல் என்பாள். இந்த அம்மா வாய் கூசாமல் அடுக்குவார். முருங்கைக்கீரைப் பொரியல், பாசிப்பருப்பு, பூசணிக்காய் மோர்க்குழம்பு. தாளித்த வாசனையே போனில் வருகிற மாதிரி சொல்வார். “கேக்கவே நாக்கு ஊறுதும்மா” என்பாள் மகள். பொய் சொல்கிறோம் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியதில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் நினைத்தார்.

பிடி அரிசியை மட்டும் விடவில்லை. வீட்டில் பொங்காத அரிசி மீந்து கிடந்தது. அதை அப்படியே பானை நிறையக் கொட்டி மடத்துக்கு எடுத்துப் போனார். நமக்கு வேண்டாம், நாலு பேருக்கு ஆகட்டும் என்பதில் மனசுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

ஒரு பௌர்ணமி. நிறைபானையை இடுப்பில் வைத்துக்கொண்டு மடத்துப் படி ஏறியவருக்குப் பாதியிலேயே கண் இருட்டியது. பானையை அணைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த பக்கத்து வீட்டுத் தெய்வானைதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டது. தெய்வானைக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“ஆறு பேருக்குப் பொங்குறேன், எனக்கு அரைப்பானை தேறல. ஒத்தையா இருக்கிற உங்களுக்கு மட்டும் எப்படிக்கா ரொம்பி வழியுது? உங்க வீட்டுப் பானை குட்டி கிட்டி போடுதா?” என்று கேட்டுச் சிரித்தது.

எல்லோரும் சிரித்தார்கள். சாமி சிரிக்கவில்லை. செங்கமலத்தம்மாவைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.

சாமி எப்போதும் பானைக்குள் கைவிட்டுக் கிளறிப் பார்த்துத்தான் அண்டாவில் கொட்டுவார். தெய்வானை பானையில் புழுங்கல் இருந்தது, பச்சரிசி இருந்தது, நடுவில் கொஞ்சம் வரகு, கொஞ்சம் கோதுமை ரவை. அன்றன்றைக்கு வீட்டில் என்ன உலைக்குப் போனதோ அதில் ஒரு பிடி. செங்கமலத்தம்மாவின் பானையில் கையை விட்டார். அடி வரைக்கும் ஒரே அரிசி.

கையை எடுத்தார். அந்தப் பானையை மட்டும் கொட்டாமல் ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த பானைக்குக் கை நீட்டினார்.

அத்தனை பேர் முன்னால் அது நடந்தது. அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. பூசை முடிந்து எல்லோரும் கஞ்சி குடித்துப் போகிற வரைக்கும் தூணோரம் நின்றார். கஞ்சியும் வாங்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் கேட்டார்.

“என் அரிசி என்ன சாமி பாவம் பண்ணுச்சு?”

“அரிசி நல்ல அரிசிதாம்மா. பிடி அரிசி இல்லே.”

“பிடிபிடியாப் போட்டா என்ன, ஒரேயடியாக் கொட்டினா என்ன? பசிச்ச வயித்துக்குத்தானே போகுது.”

“உலைக்கு எவ்வளவு அளந்தீங்க?”

அந்த அம்மா இன்றைக்கு விரதம் என்றார்.

“நேத்து?”

“நேத்தும் விரதந்தான்.”

“முந்தாநாள்?”

முந்தாநாளுக்கு விரதம் என்று சொல்ல ஒரு தெய்வமும் கிடைக்கவில்லை. இத்தனை மாசமாக உள்ளுக்குள் வைத்திருந்தது வெளியே வந்தது.

“யாருக்குச் சாமி பொங்கறது? அவரு போயிட்டாரு. புள்ளைங்க கண்காணாத ஊர்ல. இந்த ஒருத்திக்காக ஒரு அடுப்பா?”

சாமி எழுந்து போய்ப் பானையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

“அடுத்த பௌர்ணமிக்குப் பிடி அரிசி கொண்டாங்கம்மா. எவ்வளவு கொஞ்சமா இருந்தாலும் சரி.”

“இந்த அரிசிய என்ன பண்ண?”

“அது உங்க உலைக்கு உள்ளது.”

இனிமேல் இந்த மடத்துப் படி மிதிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார் அந்த அம்மா. அரிசியை டப்பாவில் கொட்டினார். காலிப் பானையை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். அது வாயைத் திறந்துகொண்டு அங்கேயே இருந்தது.

மறுநாள் டீ போட வந்தவர், பழைய பழக்கத்தில் டப்பாவைத் திறந்து ஒரு பிடி அள்ளினார். பானைக்கு மேலே கை போனது. உலைக்கு எவ்வளவு அளந்தீங்க என்று கேட்கிற மாதிரி இருந்தது. திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டார். அதற்கு மறுநாளும் அப்படியே. வீட்டில் வேறு யாரும் இல்லை. ஒரு பிடி போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் கை வரவில்லை.

மூன்றாம் நாள் கோபத்தோடுதான் அடுப்பைப் பற்றவைத்தார்.

பழைய படியில் அளந்தால் மிஞ்சும். மாசிலாமணி சுக்குத் தண்ணி குடிக்கிற குட்டி டம்ளர் அலமாரியில் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. அதை எடுத்து, முந்தானையால் துடைத்து, அரிசி அளந்தார். அதிலிருந்து ஒரு பிடி எடுத்தார். சின்னப் பிடி. “எல்லா வயிறும் நிறையணும்” என்று சொல்லி முடிக்கவும், அவர் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது. யாரும் இல்லாத வீட்டில் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கொல்லையில் முருங்கை தழைத்துக் கிடந்தது. ஒரு கொத்து ஒடித்து உருவினார். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, கீரையைப் போட்டு, மிளகு சீரகம் தட்டிப் போட்டு, இறக்கி வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தார். கட்டுப் பல்லுக்கு இதமாக இருக்கட்டும் என்று சோற்றையும் ஒரு கொதி கூட விட்டார். அது கொஞ்சம் குழைந்தே போனது.

தட்டைப் போட்டு உட்கார்ந்தார். முதல் வாய் நாக்கைச் சுட்டது. தான் பொங்கிய சோறு இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பாத்திரத்தை ஒழித்துவிட்டு, ஆறினதைச் சாப்பிட்டே பழக்கம். ஊதி ஊதிச் சாப்பிட்டார். பாதியில் அழுதார். அழுதுகொண்டே மீதியையும் சாப்பிட்டார்.

சாயந்தரம் பூங்கோதை போன் பண்ணினாள். என்னம்மா சமையல் என்றாள்.

“பருப்பும் கீரையும். சோறு கொஞ்சம் கொழைஞ்சுபோச்சு” என்றார் அந்த அம்மா.

மகள் மெதுவாகச் சொன்னாள்.

“இன்னிக்குத்தாம்மா நீ நெசமாவே சமைச்சிருக்கே.”

இரண்டு பேரும் வெகு நேரம் போனை வைக்கவில்லை.

அதற்கப்புறமும் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கவில்லை. சில நாள் மனசு வராது. பன் இருக்கிறதே என்று தோன்றும். அன்றைக்குப் பானையில் அரிசி விழாது. சில நாள் வரகுக் கஞ்சி, மோர் விட்டு. ஒரு நாள் கோதுமை ரவையில் காய் போட்டு உப்புமா. மாசிலாமணியின் பிறந்த நாளுக்குப் பச்சரிசியில் வெண்பொங்கல். நெய் வாசனை தெருவுக்கு வந்து, தெய்வானை கிண்ணத்தோடு வந்து நின்றது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த பௌர்ணமி வந்தது. செங்கமலத்தம்மா பானையை எட்டிப் பார்த்தார். கால்வாசிகூட இல்லை. இதைப் போய் எப்படி நீட்டுவது என்று வெட்கமாக இருந்தது. முந்தானையால் பானை வாயை மூடிக்கொண்டு போனார். படியெல்லாம் ஏறி மேலே போய் நின்ற பிறகுதான், வழியில் எங்கேயும் உட்காரவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.

வரிசையில் கடைசியாக நின்றார். எல்லோருடைய பானையையும் வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டே வந்தார் சாமி. இவருடைய பானையை வாங்கி, உள்ளே கையை விட்டார். புழுங்கல் வந்தது, பச்சரிசி வந்தது, வரகு வந்தது. கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தார். பிறகு மற்ற பானைகளையெல்லாம் விட்டுவிட்டு, அதை முதலில் அண்டாவில் கொட்டினார்.

செங்கமலத்தம்மாவுக்கு மனசு தாங்கவில்லை.

“போன தடவை நெறபானை கொண்டாந்தேன், வேண்டாம்னீங்க. இத மொதல்ல போடுறீங்க. இதுல ஒருத்தர் பசிகூட ஆறாதே சாமி?”

சாமி அண்டாவைத் துழாவிக்கொண்டே சொன்னார்.

“ஒருத்தர் பசி ஆறினதுக்கு அப்புறம் வந்த அரிசிம்மா இது.”

அந்த அம்மா கஞ்சி ஆகிற வரைக்கும் காத்திருந்து, டம்ளரை நீட்டினார்.

இவ்வளவுதான் கதை. சவுந்தரவல்லி அக்கா இதைச் சொல்லி முடித்தபோது என்னிடம் கேட்டதையே நான் உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு நீங்கள் இன்னும் சாப்பிடவில்லை என்றால், எழுந்து போய் உலையை வையுங்கள்.