எட்டாத கைப்பிடி

நகருக்குப் புதிதாக வந்த டிராம் பெட்டிகளில் கைப்பிடி மாட்டும் வேலை குருவம்மாளுக்கு. தலைமைப் பொறியாளர் ஞானசிகாமணி ஆறடிக்கு மேல் வளர்ந்தவர். தன் கைக்குத் தோதான உயரத்தில் மாட்டச் சொன்னார்.

"பொம்பளைங்களுக்கு எட்டாதுங்கய்யா. கைப்பிடி தொங்குற தோல் வாரைக் கொஞ்சம் நீளமாக்கிடலாம்."

"பார்க்க அசிங்கமா இருக்கும். சொன்னதைச் செய். நாளைக்கு வெள்ளோட்டத்துல ஒருத்தர் விழுந்தாலும் உன் வேலை போயிடும்!"

"ஒருத்தரும் விழமாட்டாங்கய்யா."

மறுநாள் வெள்ளோட்டத்துக்குத் துப்புரவுப் பெண்களைப் பெட்டியில் ஏற்றினார்கள்; பொறியாளரும் ஏறி நடுவில் நின்றார். குருவம்மாள் அவர்கள் காதில் ஏதோ சொல்லிவைத்தாள். முதல் வளைவில் வண்டி குலுங்கியதும் அத்தனை பேரும் பொறியாளரைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டைப் பொத்தான்கள் தெறித்து ஓடின.

"என்னம்மா இது!" என்று அலறினார் அவர்.

"எங்க கைக்கு எட்டுறது நீங்க மட்டும்தாங்கய்யா. யாரும் விழலை, பாத்தீங்களா?" என்றாள் குருவம்மாள்.

பெட்டியே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். அன்றைக்கே வார்களை நீளமாக்கச் சொன்னார்.

டிராம் ஓடத் தொடங்கிய நாளில் குருவம்மாளும் கூட்டத்தோடு ஏறினாள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "யாரு மாட்டுனாங்களோ, நல்லாயிருக்கணும்" என்றாள்.

பின்னால் நின்ற ஞானசிகாமணிதான் குருவம்மாளைக் காட்டிப் பதில் சொன்னார்: "இவங்கதாம்மா."