சென்சார் வைக்கும் இடம்

திருச்செங்கோட்டுப் பக்கம் பூங்கோதையம்மா என்றொரு குரு இருந்தார். அவருடைய சீடர்களில் செங்கோடன் என்பவர் குருவைவிடவே வயதில் மூத்தவர். தொழில் ஏசி மெக்கானிக். ஊருக்கெல்லாம் குளிர்ச்சி செய்து கொடுத்த மனிதருக்குத் தொட்டதற்கெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைப் போக்கிக்கொள்ளத்தான் சீடரானார். ஆகி வருடங்கள் ஓடிவிட்டன.

அந்தச் சித்திரையில், தியானக் கூடத்தின் பழைய ஏசிகளைப் போனிலிருந்தே இயக்கும்படி இணைக்க வந்தார். ரிமோட்டின் வேலையைச் செய்யும் சின்னப் பெட்டியைச் சுவரில் மாட்டினார். ஏணியை விட்டு இறங்கியவர் நேரே குருவிடம் வந்தார்.

"இந்த வேலையோட நான் நின்னுக்கறனுங்கம்மா."

"ஏனுங்கண்ணா?"

"இத்தன வருசம் ஒக்காந்து பாத்தாச்சுங்க. உள்ளுக்குள்ள கொதிக்கறது கொதிச்சுட்டேதான் இருக்குது. நமக்கு இது ஆகாதுங்க."

 அவருக்கு அந்தக் கூடத்தை விட்டுப் போக மனசே இல்லை.

குரு கையை நீட்டினார். செங்கோடனின் போனை வாங்கித் திரையைத் தொட்டார். 'ஆன்' என்று காட்டியது. கூடம் மட்டும் வெந்துகொண்டிருந்தது.

"ஓடுதுன்னு போன் சொல்லுது. வேர்த்து ஊத்துதுங்களே?"

செங்கோடன் பார்த்தார். மெயின் சுவிட்சையே போடவில்லை. அசடு வழியப் போட்டார். குரு திரையை மறுபடி தொட்டதும் ஏசி ஓடத் தொடங்கியது.

"பழைய ஏசிங்கம்மா. நாம சொல்றத கேட்டுக்கும், திருப்பி ஒண்ணுஞ் சொல்லாது. சொல்லியாச்சுங்கறதையே போன் ஆன்னு காட்டிப்போடும்."

"அப்பறம் வேல நடக்குதான்னு எப்படித் தெரியறது?"

"அதுக்குத்தான் சூடு பாக்கற சென்சார் ஒண்ணு வெக்கறமுங்க."

பையிலிருந்து அதை எடுத்தார். குரு ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். ஏசியின் வெளிப்பெட்டி அங்கே இரைந்துகொண்டிருந்தது.

"அதுமேல வெச்சிருங்க."

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்க வெச்சு என்னங்கம்மா பண்றது? உள்ள ஜில்லுனு ஆனாலும் அது அனலத்தான் கக்கும். ஆளுக ஒக்கார்ற எடத்துல வெச்சாத்தான் நெசம் தெரியும்."

குரு தலையாட்டினார்.

"போன வெள்ளிக்கெழம உங்க ஊட்டுக்காரம்மா வந்திருந்தாங்க."

"இங்கீங்களா? எதுக்குங்க?"

"முன்னெல்லாம் நீங்க ஊட்டுக்குள்ள நொழஞ்சா உங்க பையன் தட்டத்தத் தூக்கிட்டு வேற ரூமுக்குப் போயிருவானாமா. இப்ப உங்க பக்கத்துலயே ஒக்காந்து சாப்படறானாமா. அதச் சொல்லி நன்றி சொல்லத்தான் அத்தன தூரம் பஸ் ஏறி வந்தாங்க."

செங்கோடனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பையன் தன் பக்கத்தில் உட்காருவதை அவர் கவனித்ததே இல்லை. கும்பிடக் கையெடுத்தார்.

"எல்லாம் உங்களாலதானுங்கம்மா."

"அந்த நன்றிய நான் வாங்கிக்கலீங்கண்ணா, அது உங்களுக்குச் சேர வேண்டியது. ஊட்டுக்குப் போங்க, அவங்களே வெச்சிருக்காங்க."