முடக்கத்தான் வேலிக்குப் போன கதை

அது அந்தக் காலம். கொக்கும் ஆமையும் பேசும், செடிகொடியும் பேசும். நியாயம் மட்டும் அப்போதும் வாயைத் திறக்காது.

ஒரு கண்மாயில் கொக்குதான் அம்பலம், ஊருக்குத் தலைவர். எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் இலை அவருக்கு. நண்டு, இறால், ஈரல், அதற்கு மேல் ஒரு மொந்தைக் கள். வேண்டாம் என்றால் மரியாதை போய்விடுமாம். தின்று தின்று ஒரு விடியற்காலையில் அவருடைய கால் கட்டைவிரல் கோவைப்பழம் மாதிரி சிவந்து வீங்கியது. காற்று பட்டாலே அலறினார்.

முடக்கத்தான் அப்போது வேலியில் இல்லை. மடையோரம், ஈரம் காயாத மண்ணில், தன் காலில் நிமிர்ந்து நின்ற செடி அவன். மூட்டு வலிக்கு அவன் இலை கைகண்ட மருந்து என்று ஊரே சொல்லும். அம்பலம் நொண்டிக்கொண்டு வந்தார்.

"ஏப்பா, இலையைக் குடு. நாளைக்கு ஒரு காதுகுத்து. அதுக்குள்ள சரியாகணும்."

"நாளைக்கெல்லாம் ஆகாதுங்க. தினமும் ரசம் வச்சுக் குடிங்க. தண்ணி நிறையக் குடிங்க. நண்டு, ஈரல், கள்ளு பக்கமே போகாதீங்க. வலிக்கிறப்போ காலை நீட்டி வைங்க, விட்டதும் தினம் கொஞ்சம் நடங்க. மெதுவாத்தான் குறையும்."

"பத்தியமா? இருந்துட்டுப் போறேன். ஆனா குறையலைன்னா இந்த மடையோரத்தை நீ காலி பண்ணணும்."

முடக்கத்தான் சரி என்றான். பத்தியம் இருந்தால் குறையும் என்று அவனுக்குத் தெரியும். அங்கேதான் ஏமாந்தான்.

அடுத்த பௌர்ணமிக்கு அம்பலம் ஊரைக் கூட்டினார். விரல் முன்பைவிடப் பெரிதாக இருந்தது.

"இவன் இலையைத் தின்னு நாக்கு செத்ததுதான் மிச்சம். ஏமாத்துக்காரப் பய."

முடக்கத்தானுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பத்தியம் இருந்தீங்களா?"

"வீட்ல இருந்தேன். விருந்துல சாப்பிடுறது கணக்குல வராது. அது மரியாதைக்குச் சாப்பிடுறது."

"எத்தனை விருந்துக்குப் போனீங்க?"

"ஊரே கல்யாணம் பண்ணுது, நான் என்னப்பா பண்ண?"

அம்பலத்தின் பெண்சாதிக்கே பொறுக்கவில்லை. "வீட்ல மட்டும் என்ன வாழ்ந்துச்சு? நண்டு ரசத்துலதான அந்த இலையைக் கிள்ளிப் போடச் சொன்னீக."

ஊர் சிரித்தது. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு சிரித்தது.

"இலை உள்ள போச்சா இல்லையா? போச்சுல்ல," என்றார் அம்பலம், கொஞ்சமும் கூசாமல். "பேசினது பேசினதுதான். காலி பண்ணு."

சிரித்தவர்களில் ஒருவராவது இது அநியாயம் என்று சொன்னார்களா? இல்லை. அவரவர் வீட்டு விசேஷத்துக்கு அம்பலம் வர வேண்டுமே. போன மழைக்கு முட்டி பிடித்துக்கொண்டபோது இவன் இலையால்தான் ஆமை எழுந்து நடந்தது. முடக்கத்தான் அதைப் பார்த்தான். அது மண்ணைப் பார்த்தது.

பதில் சொல்ல நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தான். யாரிடம் சொல்வது? இழுத்த மூச்சை விடாமல் வாயை மூடிக்கொண்டான். போக வழியில்லாமல் அது அவன் காய்களுக்குள் புகுந்து ஒவ்வொன்றையும் பை மாதிரி ஊதிவிட்டது. வேரைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினான். ஊர் எல்லைக்கு வந்தபோது நிமிர்ந்து நிற்கத் தெம்பில்லை. அங்கே இருந்த முள்வேலியைப் பிடித்து ஏறினான்.

மறுநாள் காலையிலேயே அம்பலம் இலை கேட்டு ஆள் அனுப்பினார். வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே. மடையோரம் காலியாகக் கிடந்தது. வீங்கிய காலை ஊன்ற முடியாமல் வயிற்றோடு தூக்கிவைத்துக்கொண்டு, அடுத்த நண்டுக்காகத் தண்ணீரில் நின்றார்.

கொக்கு ஒற்றைக் காலில் நிற்பதும், முடக்கத்தான் வேலியில் கிடப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். இப்போதும் கால் வீங்கினால் வேலியைத் தேடி வந்து இலையைப் பறிக்கிறார்கள். போகிற போக்கில் ஒரு காயை அழுத்திப் பட்டென்று உடைத்து, அவன் அன்று விழுங்கிய கோபத்தைக் கேட்டுவிட்டு, விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே போகிறார்கள்.