சீட்டெடுத்த சின்னத்துரையும் கம்பங்கொல்லைக் கிளிகளும்

ஆற்றங்கரை இலுப்பைத் தோப்பில் ஒரு கிளிக்கூட்டம் இருந்தது. விடிந்ததும் கத்திக்கொண்டே கிளம்பிப் பக்கத்துக் கம்பங்கொல்லையில் இறங்கும். ஒரு கிளி மட்டும் இறங்காது. கொல்லையோரத்து வேலமரத்தின் உச்சியில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். வல்லூறு தலைகாட்டினால் "கீ!" என்று ஒரு கத்தல். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் கதிரைப் போட்டுவிட்டுப் பறந்துவிடும்.

காவலுக்கு முறை உண்டு. முறை வந்த கிளிக்கு அன்று வயிறு காய்ந்துவிடும். மற்றவை தின்று முடித்த பிறகு, சிந்திக் கிடப்பதைப் பொறுக்க வேண்டியதுதான். இந்த வேலை எந்தக் கிளிக்கும் பிடித்ததில்லை. பிடிக்காமலேயே எல்லாம் செய்துவந்தன.

அந்தத் தோப்புக்கு ஒருநாள் சின்னத்துரை வந்து சேர்ந்தான்.

சின்னத்துரை ஒரு ஜோசியரின் கிளி. கண் திறக்காத வயதிலேயே பொந்திலிருந்து எடுக்கப்பட்டவன். பஸ் நிலையத்து வாசலில் கூண்டு திறக்கும். வெளியே வருவான். சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றை எடுத்துக் கொடுப்பான். ஒரு நெல்மணி கிடைக்கும். வாங்கிக்கொண்டு தானாகவே உள்ளே போய்விடுவான். ஜோசியர் நெடுநாள் காய்ச்சலில் படுத்ததில், வெட்டி வைத்திருந்த இறக்கை மீண்டும் வளர்ந்துவிட்டது. அவர் எழுந்து வந்து கூண்டைத் திறந்த அன்று, பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. சின்னத்துரை பயத்தில் துள்ளினான். துள்ளியவன் தரைக்குத் திரும்பவில்லை. விடுதலைக்கு ஏங்கிப் பறந்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தோப்புக் கிளிகள் அவனைச் சுற்றிக்கொண்டன. கதிர்கொத்தி என்ற கிளிக்குத்தான் ஆவல் அதிகம். கூட்டத்திலேயே பெருந்தீனி அவன்.

"அண்ணே! மனுஷங்களுக்கே நீங்கதான் நல்லது கெட்டது சொல்லுவீங்களாமே!"

"நான் எங்கே சொன்னேன்? சீட்டு சொல்லும்! நான் எடுத்துக் கொடுப்பேன்!"

"எங்களுக்கும் ஒண்ணு எடுங்களேன்!"

சின்னத்துரை இலுப்பை இலைகளை வரிசையாக வைத்தான். பழைய நடையோடு நடந்தான். நாலைந்தைத் தள்ளினான். ஒன்றைத் தூக்கிக்கொண்டு, ஜோசியரின் குரலிலேயே முழங்கினான்.

"மகராசா! பிடிச்ச பீடை விலகுது! எதிரி பயம் கிடையாது! தொட்டதெல்லாம் துலங்கும்!"

கிளிகள் சொக்கிப்போயின. எதிரி பயம் இல்லையென்றால் காவல் எதற்கு? கதிர்கொத்தி அன்றே கேட்டுவிட்டான். அன்று அவன் முறை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உச்சிக்கிளை காலியாக இருந்தது. வல்லூறு வரவில்லை. அடுத்த நாளும் சீட்டு எடுத்தார்கள். அடுத்த நாளும் வரவில்லை.

வல்லூறு எந்தக் காலத்திலும் தினமும் வந்ததில்லை. அது கிளிகளுக்குத் தெரியும். ஆனாலும் அது வராத நாளெல்லாம் சீட்டின் பெருமையில் சேர்ந்தது.

இலுப்பை மரப் பொந்தில் பச்சையம்மா இரண்டு குஞ்சுகளை அணைத்துக்கொண்டு கிடந்தாள். இறகு முளைக்காத குஞ்சுகள். சூடு விட்டால் செத்துப்போகும். அதனால் அவள் வெளியே போக முடியாது. அவள் புருஷன் வளையன்தான் மூன்று பேருக்கும் இரை கொண்டுவர வேண்டும். அவனுக்குக் காவல் முறை வந்தது.

"மேல போய் உட்காருய்யா. நாங்க சாயந்திரம் தின்னுக்குறோம்" என்றாள் பச்சையம்மா.

"சீட்டு எடுத்தாச்சு புள்ள! பயமில்லைன்னு வந்திருக்கு. நான் மேல உட்கார்ந்தா இதுங்க வாய்க்கு என்னத்தைப் போடுறது?"

"ஒரு நாள் பசியை இதுங்க தாங்கும். நீ இல்லேன்னா தாங்காது."

"இப்படிப் பயந்தே சாகு!" என்று சிரித்துவிட்டு வளையன் பறந்தான்.

கம்பங்கொல்லைக்கு மேலே வட்டமிட்ட வல்லூறு வேலமரத்தைப் பார்த்தது. மறுபடியும் பார்த்தது.

"உச்சியில் ஆளே இல்லையே! இன்று எனக்குத்தான் நல்ல நாள் போலிருக்கிறது!" என்று சொல்லிக்கொண்டே கீழே பாய்ந்தது.

கூட்டம் அலறிச் சிதறியது. கதிரைக் குனிந்து கொத்திக்கொண்டிருந்த வளையன் நிமிரவே இல்லை. கீழே சிந்திய மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த சின்னத்துரை பறக்கவும் இல்லை. அந்தக் கலவரத்தில் தரையில் இங்கும் அங்கும் நடந்து, கூண்டின் கதவைத் தேடிக்கொண்டிருந்தான். வல்லூற்றின் கால் நிறைந்துவிட்டதால் அவன் பிழைத்தான்.

தோப்புக்குத் திரும்பிய கிளிகள் பச்சையம்மாவின் பொந்துப் பக்கம் போகத் தயங்கின. அவளே தலையை நீட்டிப் பார்த்தாள். எல்லா முகங்களையும் பார்த்த பிறகு, சின்னத்துரையைக் கூப்பிட்டாள்.

"உன் சீட்டுல கெட்டது எதுவுமே வராதா?"

"வராது தாயே" என்றான் அவன் மெல்ல. "ஜோசியர் கெட்ட சீட்டே வைக்க மாட்டார். கெட்டது சொன்னா அப்புறம் யார் வருவாங்க?"

"இது தெரிஞ்சும் எங்ககிட்ட சொல்லலையே!"

"நானும் நம்பினேன் தாயே! பயமில்லைன்னு எத்தனையோ தடவை எடுத்திருக்கேன். எனக்கு ஒரு நாளும் எதுவும் ஆகலையே!"

"எப்படி ஆகும்? உன்னைச் சுத்திக் கம்பி இருந்துச்சு!"

அவனைத் திட்டிப் பயனில்லை. அவன் ஏமாற்ற வந்தவன் அல்ல. கூண்டைத் தவிர வேறு உலகம் அறியாத பாவம் அவன்.

"என் குஞ்சுங்களுக்கு இனிமே நீதான் இரை கொண்டு வரணும்" என்றாள் பச்சையம்மா.

"தாயே! எனக்குக் கதிர்ல இருந்து மணி எடுக்கத் தெரியாது! எடுத்து வச்சதைத்தான் தின்னிருக்கேன்!"

"கத்துக்க!"

மறுநாள் யாரும் சொல்லாமலே கதிர்கொத்தி வேலமரத்து உச்சியில் போய் உட்கார்ந்தான். கீழே சின்னத்துரை கம்பந்தட்டையில் ஏறினான், சறுக்கினான், மறுபடி ஏறினான். அலகு கிழிந்தது. காலையெல்லாம் போராடி ஏழெட்டு மணிதான் கொண்டுவந்தான். மற்ற கிளிகளும் தங்களால் ஆனதைக் கொடுத்தன. ஆனால் அவற்றின் பொந்துகளிலும் குஞ்சுகள் இருந்தன. சின்னத்துரை நன்றாகவே கற்றுக்கொண்டான். கொஞ்சம் தாமதமாகக் கற்றுக்கொண்டான்.

அந்தப் பொந்திலிருந்து ஒரு குஞ்சுதான் பறந்தது.

கூண்டுக்குள் இருப்பவனுக்குப் பலித்த வாக்கை நம்பி, திறந்த வானத்தின் கீழ் வாழ்பவன் தன் காவலைக் கைவிடக் கூடாது.